வயித்துப் பூச்சி கக்குற புரோட்டீன்: உங்க கேள்விகளும் பதிலும்

போன இதழ்ல பூச்சி மாத்திரை பத்தி ஒரு சின்ன பதில் எழுதியிருந்தேன். அதுல போற போக்குல, "புழு சும்மா உக்காந்து திங்கல, அது கக்குற புரோட்டீன்தான் குடல் சுவர்ல வேலைய காட்டுது"ன்னு ஒரு வரி வந்துச்சு. அந்த ஒரு வரிய பிடிச்சுக்கிட்டு இந்த மாசம் வந்த கடிதங்கள்தான் முக்கால்வாசி. அதனால மத்த கேள்விகள அடுத்த மாசத்துக்கு தள்ளி வெச்சிட்டு இந்த தடவை முழுசா இதையே எடுத்துக்கிட்டேன்.

மேடம், என் பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்கிறா. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஸ்கூல்ல பூச்சி மாத்திரை தர்றாங்க. நாம சாப்பிடுறத பூச்சி தின்னுடும், அதான் புள்ள இளைக்குதுன்னு எங்க மாமியார் சொல்வாங்க. அவ்வளவுதானா, இல்ல உள்ள வேற எதாவது பண்ணுமா? (வாசகி, ஆரணி)

உங்க மாமியார் சொல்றது பாதி சரிங்கம்மா. நாக்குப்பூச்சின்னு சொல்றோமே, அந்த உருண்டைப்புழு குடலுக்கு நடுவுல, சாப்பாடு போற வழியிலயே கெடக்கும். நாம சாப்பிட்டு அரைஞ்சு வர்ற கூழ்தான் அதுக்கும் சாப்பாடு. ஒரு அடி வரைக்கும் வளரும், பொம்பளப் புழு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரைக்கும் போடும். ஆனா ஒண்ணு யோசிச்சு பாருங்க, நாம சாப்பிட்ட மட்டன் துண்டை கரைச்சு தண்ணியாக்குற அதே செரிமான சாறுக்குள்ளதான் இந்தப் புழுவும் மாசக்கணக்குல கெடக்கு, அது மட்டும் ஏன் கரையல? ஏன்னா அது தன்னைச் சுத்தி ஒரு வகை புரோட்டீன விட்டு வெக்குது, அது நம்ம டிரிப்சின், கைமோடிரிப்சின் மாதிரி என்சைம்கள பிடிச்சு பூட்டு போட்டுடும். அதாவது எதையும் திங்காம இருக்கறதா நாம நினைக்கிற நேரத்துலயும் அந்தப் புழு ரசாயனத்துல வேலை பாத்துக்கிட்டேதான் இருக்கு.

மாமியார் சொல்லாத மீதி பாதி, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ரெண்டும். இதுங்க வழியில கெடக்கறதில்ல, குடல் சுவர்லயே குடித்தனம். அந்தச் சுவர் எப்படி இருக்குன்னு தெரிஞ்சாதான் மத்த பதில்லாம் புரியும், அதனால இங்கயே சொல்லிடுறேன். குடலோட உள்பக்கம் சாப்பாட்டுக்கும் நம்ம ரத்தத்துக்கும் நடுவுல இருக்கறது ஒரே ஒரு செல் தடிமன்தான். ஒரே ஒரு வரிசை. பக்கத்து பக்கத்து செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா தைச்ச மாதிரி ஒட்டியிருக்கும், அதுக்கு மேல வழவழன்னு சளி ஒரு போர்வை மாதிரி மூடியிருக்கும். சுவர்ல குட்டி குட்டி பள்ளங்கள் இருக்கு, அந்தப் பள்ளத்தோட அடியில ஸ்டெம் செல் உக்காந்து புது செல்ல பெத்துக்கிட்டே இருக்கும். புதுசு பொறந்து மேல ஏற ஏற பழசு நுனியில உதிர்ந்து விழும். 3லிருந்து 5 நாளைக்குள்ள மொத்தச் சுவரும் புதுசாயிடும். உங்க பொண்ணோட வயித்துல இன்னைக்கு இருக்கற குடல் தோல் அடுத்த வாரம் இருக்காது.

மாத்திரைய கண்டிப்பா குடுங்க. 2015ல இருந்து பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10ன்னு நாடு முழுக்க குடற்புழு நீக்க நாள் வெச்சு 1 வயசுலேர்ந்து 19 வயசு வரைக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் தர்றாங்க, ரெண்டு வயசுக்கு கீழ பாதி மாத்திரை. பிள்ளைய நல்லா மென்னு முழுங்கச் சொல்லுங்க.

மேம், நான் பி.எஸ்சி மைக்ரோபயாலஜி ரெண்டாம் வருஷம். ஈ.எஸ் புரோட்டீன்ஸ்னு பாடத்துல ரெண்டு வரிதான் இருக்கு. அது குடல் செல்லுக்கு நேரடியா என்ன பண்ணுதுன்னு ஒரு உதாரணம் வெச்சு சொல்ல முடியுமா? (மாணவர், தஞ்சாவூர்)

தம்பி, ரொம்ப சந்தோஷம், இந்தக் கேள்விய யாராவது கேக்கணும்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஈ.எஸ்னா புழு வெளியேத்துற கழிவும் சுரப்பும் சேர்ந்த கலவை. புழுவ கழுவி ஒரு தட்டுல வளர்ப்புத் திரவத்துல போட்டு வெச்சா ஒரு நாள்ல அந்தத் திரவத்துல அது விட்டதெல்லாம் சேர்ந்துடும், அதத்தான் எடுத்து ஆராய்ச்சி பண்றாங்க. சில புழுக்கள்ல நூத்துக்கணக்கான புரோட்டீன் இருக்கும். ஆனா எலியோட சாட்டைப்புழுவுல ஒரு ஆச்சரியம், அது விடுறதுல பெரும்பகுதி ஒரே ஒரு புரோட்டீன்தான். அதோட பேரு பி43.

நான் ஆராய்ச்சி மாணவியா இருந்தப்போ எலியோட சாட்டைப்புழுவ முதல் தடவை மைக்ராஸ்கோப்புல பாத்தது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. எலியோட பெருங்குடல் ஆரம்பிக்கற இடத்துல பை மாதிரி இருக்கும், அத வெட்டி விரிச்சு வெச்சா வெள்ளையா தடிச்ச வால்பக்கம் மட்டும் வெளிய ஆடிக்கிட்டு இருக்கும். தலை எங்கன்னு தேடினா கிடைக்காது. கொஞ்சம் வெளிச்சத்த சாய்ச்சு பாத்தா தெரியும், துணியில ஓட்டுத்தையல் போட்ட நூல் மாதிரி அந்த மெல்லிய முன்பாதி குடல் தோலுக்குள்ளயே நுழைஞ்சு போயிருக்கும். ஃபோர்செப்ஸ்ல பிடிச்சு இழுத்தா வராது, இன்னும் இழுத்தா அறுந்துடும். அது தோலுக்கு அடியில இல்ல, செல்லுக்குள்ளயே இருக்கு. பக்கத்து பக்கத்து செல்லோட சுவர உடைச்சு எல்லாத்தையும் ஒண்ணாக்கி நீளமா ஒரு சுரங்கம் பண்ணிக்கிட்டு அதுக்குள்ள படுத்திருக்கு. மனுஷனோட சாட்டைப்புழுவும் இப்படித்தான், அது விடுற ஒரு புரோட்டீன் செல்லோட சவ்வுல துளையே போடும்னு 1990கள்லயே காட்டிட்டாங்க.

இப்ப சுவர் என்ன பண்ணும்? இங்கதான் மேல சொன்ன அந்த 3-5 நாள் கணக்கு வருது. ஐ.எல்-13ன்னு ஒரு சிக்னல் இருக்கு, நம்ம நோய் எதிர்ப்பு செல்லுங்க புழுவ கண்டா விடுற தூது. அது வந்தா ஸ்டெம் செல் வேகமா பெருகும், சுவர் வேகமா மேல ஏறும், புழு எந்த செல்லுக்குள்ள படுத்திருக்கோ அந்த செல்லே மேல போய் உதிர்ந்துடும், கூடவே புழுவும் வெளிய. 2005ல மான்செஸ்டர் ஆராய்ச்சியாளர்கள் இத எஸ்கலேட்டர்னே பேர் வெச்சு சொன்னாங்க. புழு கீழ்ப்படியில நிக்கணும்னு பாக்குது, படி ஓடிக்கிட்டே இருக்கு.

அந்த எஸ்கலேட்டரோட கரண்ட புடுங்குறதுதான் பி43. அதே மான்செஸ்டர்ல ரிச்சர்ட் கிரென்சிஸ் குழு 2019ல இத வெளியிட்டாங்க. பி43 நேரா போய் ஐ.எல்-13ஐ பிடிச்சுக்குது. நம்ம செல்லுல ஐ.எல்-13ஐ வாங்குற ரிசெப்டர் இருக்கு பாரு, அதோட சாயல் இந்தப் புழு புரோட்டீன்ல இருக்கு, அதனால தூது தப்பான வீட்டுல போய் உக்காந்துடுது. இன்னொரு முனையால அது செல்லுக்கு இடையில இருக்கற சர்க்கரை கலந்த வலையில ஒட்டிக்குது, அதனால குடல் ஓட்டத்துல அடிச்சுக்கிட்டு போகாம புழு பக்கத்துலயே தங்கிடும். எவ்வளவு சிக்கனமான வேலைன்னு பாரு, உடம்பு முழுக்க எதிர்ப்பு சக்திய அடக்க வேண்டியதில்ல, தான் படுத்திருக்கற அந்த ஒரு இடத்துல ஒரே ஒரு செய்திய நிறுத்தினா போதும்.

பரீட்சைக்கு இன்னொண்ணையும் சேர்த்து எழுது. சளி. குடல் சளியோட முக்கிய புரோட்டீன் மியூசின்-2. சாட்டைப்புழு விடுற சீரின் புரோட்டியேஸ்ங்கற, புரோட்டீன வெட்டுற என்சைம் அத வெட்டி, கெட்டியா இருக்கற சளிய தண்ணி மாதிரி ஆக்கிடும். அப்ப குடல் ஒரு காரியம் பண்ணும், சாதாரணமா வயித்துலயும் மூச்சுக்குழாய்லயும் மட்டும் இருக்கற மியூசின்-5ஏசிய குடல்லயே தயாரிக்க ஆரம்பிக்கும். அத அந்தப் புழுவால அவ்வளவு சுலபமா வெட்ட முடியாது. அந்த ஒரு மியூசின் இல்லாத எலிகள 2011ல சோதிச்சப்போ மத்த எதிர்ப்பெல்லாம் சரியா இருந்தும் அதுங்களால புழுவ வெளியேத்த முடியல. பாடப்புத்தகத்துல சளின்னா வெறும் வழவழப்புன்னு எழுதியிருப்பாங்க, நம்பாத. அது ஒரு ஆயுதம்.

இன்னொரு விஷயமும் சொல்லாம விட மனசு வரல. எலிக்கு ஒரே நேரத்துல சுமார் 200 முட்டை குடுத்தா பெரும்பாலான எலி மூணு வாரத்துல எல்லாத்தையும் தள்ளிடும். 20 முட்டை மட்டும் குடுத்தா அதே எலி ஏமாந்துடும், வேற மாதிரி பதில் குடுக்கும், புழு நிரந்தரமா தங்கிடும். நெஜ வாழ்க்கையில மண்ணுலேர்ந்து நமக்கு வர்றது இந்த ரெண்டாவது மாதிரிதான், கொஞ்சம் கொஞ்சமா.

புழு உள்ள வந்திருக்குன்னு குடலுக்கு எப்படி தெரியும்? அதுக்கு கண்ணா மூக்கா? (வாசகர், மதுரை)

நாக்கு இருக்குங்க. நெஜமாவே. குடல் சுவர்ல டஃப்ட் செல்னு ஒண்ணு இருக்கு, தலையில குடுமி மாதிரி முடி வெச்சிருக்கும், நூத்துல ஒண்ணுக்கும் கம்மியாத்தான் இருக்கும். நாக்குல ருசி பாக்குற செல்லுங்க பயன்படுத்துற அதே சாமான் இதுலயும் இருக்கு. ரொம்ப வருஷமா இது எதுக்குன்னே யாருக்கும் தெரியல. 2016ல ஒரே சமயத்துல மூணு குழு தனித்தனியா கண்டுபிடிச்சாங்க, புழு வந்தா முதல்ல கத்துறது இந்த செல்தான். ஐ.எல்-25ன்னு ஒரு சிக்னல் விடும், அதுக்கு பக்கத்துல இருக்கற எதிர்ப்பு செல்லுங்க முழிச்சுக்கிட்டு ஐ.எல்-13ஐ விடும், அது திரும்ப ஸ்டெம் செல்லுக்கு போய் இன்னும் டஃப்ட் செல்லையும் சளி செல்லையும் பெத்துப் போடுன்னு சொல்லும். சில நாள்ல டஃப்ட் செல் பல மடங்காயிடும். குடல் நெறைய தண்ணியும் சளியும் விடும், தசை வேகமா அசையும், புழு வழுக்கிக்கிட்டு போகும். அழுது பெருக்கித் தள்ளுறதுன்னு இந்தத் துறையில இதுக்கு ஒரு செல்லப் பேரே உண்டு.

ஆனா புழுவும் சும்மா இல்ல. ஹெலிக்மோசோமாய்டஸ்னு ஒரு எலிப்புழு, வாய்க்குள்ள நுழையாத பேருதான், ஆனா இந்தத் துறையில அது மாதிரி சொல்லிக்குடுத்த வாத்தியார் கிடையாது. அதோட குட்டி சிறுகுடல் சுவருக்குள்ள புகுந்து ஒரு வாரம் ஒளிஞ்சு கெடந்து, அப்புறம் வெளிய வந்து, சுவர்ல விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற மேடுகள சுத்திக்கிட்டு உக்காரும். உள்ள துளைக்கும்போது சில செல் சாகும், சாகுற செல் ஐ.எல்-33ன்னு ஒரு அபாய மணிய அடிக்கும். இந்தப் புழு அந்த நேரத்துக்குன்னே ஒரு புரோட்டீன் வெச்சிருக்கு, ஹெச்.பி.ஆரி. எடின்பரோவுல ஹென்றி மெக்சார்லி குழு 2017ல வெளியிட்டது. அது ஒரு கையால ஐ.எல்-33ஐ பிடிக்கும், இன்னொரு கையால செத்த செல்லோட டி.என்.ஏவ பிடிக்கும். மணி அடிக்கற நாக்க அந்த செத்த வீட்டுத் தூணுலயே கட்டிப்போட்ட மாதிரி, சத்தம் வெளியவே வராது. அந்த மணிச் சத்தத்த கேக்குற ரிசெப்டரையே அடைக்கற இன்னொரு புரோட்டீனும் அதுகிட்ட உண்டு.

என்னை ரொம்ப அசர வெச்சது அதோட இன்னொரு புரோட்டீன், டி.ஜி.எம். நம்ம உடம்புல வீக்கத்த அடக்கற டி.ஜி.எஃப்-பீட்டான்னு ஒரு சிக்னல் இருக்கு. ரிக் மெய்சல்ஸ் குழு 2017ல அந்த எலிப்புழுகிட்ட அதே வேலைய பண்ற ஒரு புரோட்டீன கண்டுபிடிச்சாங்க. நம்மளோடத காப்பியடிச்சதுன்னு நினைச்சா இல்ல, அமைப்புல ரெண்டுக்கும் ஒட்டு உறவே கிடையாது, முழுக்க வேற குடும்பத்துப் புரோட்டீன், ஆனா அதே பூட்டுல போய் கச்சிதமா திரும்புது. மனுஷ செல்லுலயும் வேலை செய்யுது. நம்ம பூட்டுக்கு அந்தப் புழு தானா ஒரு சாவி செஞ்சிருக்கு.

சுவர் இன்னும் ஒரு படி மேலயும் போகும். புழுக்குட்டி ஒளிஞ்சிருக்கற இடத்துக்கு நேர் மேல இருக்கற பள்ளங்கள்ல வழக்கமான ஸ்டெம் செல் அடையாளமே காணாம போயி, கருவுல இருந்தப்போ குடல் எப்படி இருந்துச்சோ அந்த நிலைக்கு செல்லுங்க திரும்பிடுதுன்னு 2018ல சான் ஃபிரான்சிஸ்கோ குழு ஒண்ணு காட்டினாங்க. அடிபட்ட சுவர் சீக்கிரம் மூடணும்னா பச்சைக் குழந்தை மாதிரி வளரணும், அதுக்குத்தான். அப்புறம் 2022ல இன்னொண்ணும் தெரிஞ்சுது, இதே புழுவோட ஈ.எஸ் கலவைய ஆய்வகத்துல வளர்த்த குட்டிக் குடல்ல ஊத்தினா டஃப்ட் செல்லும் சளி செல்லும் உருவாகறதே கொறையுது. ருசி பாத்து காட்டிக்கொடுக்கற நாக்கையே மொளைக்க விடாம பண்ணுது.

அக்கா, தோட்ட வேலை பாக்குறேன். ஹீமோகுளோபின் 7ன்னு சொன்னாங்க. மூணு மாசம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறல. ஆஸ்பத்திரியில கொக்கிப்புழு இருக்கலாம்னு ஒரு நர்ஸம்மா சொன்னாங்க. இத்தனூண்டு புழு அவ்வளவு ரத்தத்தையா குடிக்கும்? (வாசகி, கூடலூர்)

தங்கச்சி, முதல்ல மலம் டெஸ்ட் பண்ணிடு, தள்ளிப் போடாத. 7 ரொம்ப கம்மி, டாக்டர் பாக்கணும், வேற காரணமும் இருக்கலாம், மாதவிடாய் அதிகமா போனாலும் இப்படி ஆகும். ஆனா அந்த நர்ஸம்மா சொன்னது நல்ல சந்தேகம்.

ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும் கொக்கிப்புழு. குடல் தோல்ல ஒரு சிட்டிகைய வாய்க்குள்ள இழுத்து கடிச்சுக்கிட்டு தொங்கும். நெகேட்டார்ங்கற வகை ஒரு நாளைக்கு 0.03 மில்லி ரத்தம் எடுக்கும், ஆன்கைலோஸ்டோமாங்கற வகை அத விட அஞ்சு மடங்குக்கு மேல. கேக்க கம்மியா இருக்கும், ஆனா நூறு நெகேட்டார் இருந்தா ஒரு நாளைக்கு 3 மில்லி, மாசத்துக்கு 90 மில்லி, அது வருஷக்கணக்குல போய்க்கிட்டே இருக்கும். நீ சாப்பிடுற இரும்பு ஒரு பக்கம் ஏற ஏற இன்னொரு பக்கம் ஒழுகுது.

அது குடிக்கறதோட நிக்கல, அதான் விஷயம். உன் கையில தேயிலைச் செடி குச்சி கீறினா ரெண்டு மூணு நிமிஷத்துல ரத்தம் உறைஞ்சு நிக்கும் இல்ல? புழு கடிச்ச எடத்துல நிக்காது. அது எச்சில்ல ரத்தம் உறையறத தடுக்கற புரோட்டீன்கள் இருக்கு. ரத்தம் உறையறது ஒரு சங்கிலி மாதிரி, ஒண்ணு இன்னொண்ண தூண்டும், அந்தச் சங்கிலியோட முதல் கண்ணியிலயே ஒரு புரோட்டீன் கைய வெக்கும். தட்டணுக்கள் ஒட்டாம பாத்துக்க ஒண்ணு இருக்கு. அடிபட்ட எடத்துக்கு ஓடி வர்ற வெள்ளையணுவ தடுக்க இன்னொண்ணு. அப்புறம் இந்த எடம் போதும்னு புழு நகர்ந்து வேற எடத்துல கடிக்கும், ஆனா பழைய எடத்துல எச்சில் இருக்கற வரைக்கும் ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருக்கும். புழுவோட வாய்க்குப் போறது பாதி, சும்மா வீணா போறது மீதி. நாய்க் கொக்கிப்புழுவோட அந்த உறைதல் தடுப்புப் புரோட்டீன ஆய்வகத்துல செஞ்சு, மனுஷங்களுக்கு ரத்தக்கட்டி வராம தடுக்கலாமான்னு மருந்து சோதனையே நடந்துச்சு. எபோலா வந்த குரங்குகளுக்கும் 2003ல குடுத்துப் பாத்தாங்க, அதுல மூணுல ஒரு பங்கு பொழைச்சுது. உன் குடல்ல ஒழுக விடுற அதே மாதிரி எச்சில்தான்.

இது வாய் வழியா வந்திருக்கணும்னு இல்ல. 1898 வாக்குல கெய்ரோவுல ஆர்தர் லூஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் புழுக்குட்டி இருந்த தண்ணிய தன் கையில தவறி சிந்திக்கிட்டாரு, அந்த எடம் செவந்து அரிச்சுது, கொஞ்ச நாள் கழிச்சு அவரோட மலத்துலயே முட்டை வந்துச்சு. அப்பதான் தோல் வழியா நுழையுதுன்னு தெரிஞ்சுது. ஈர மண்ணுல வெறுங்காலோட நிக்கும்போது விரல் இடுக்குல நுழையும், ரத்தத்துல நுரையீரலுக்கு போயி, தொண்டைக்கு ஏறி, முழுங்கும்போது குடலுக்கு இறங்கும். வேலைக்கு போகும்போது காலுக்கு ஷூ கேளு, உங்க மேஸ்திரிகிட்ட உரிமையா கேளு.

இன்னொண்ணு, ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மட்டும் மாத்திரை குடுத்தா உன்னை மாதிரி பெரியவங்க வயித்துல இருக்கற புழு மண்ணுக்கு முட்டை போட்டுக்கிட்டேதான் இருக்கும். ஊர் மொத்தத்துக்கும் குடுத்தா பரவலையே நிறுத்த முடியுமான்னு டிவார்ம்3ன்னு ஒரு பெரிய ஆய்வு பெனின், மலாவி, இந்தியான்னு மூணு நாட்டுல நடந்துச்சு. இந்தியாவுல அது நடந்த எடம் நம்ம வேலூர் சி.எம்.சி பொறுப்புல திமிரியும் ஜவ்வாது மலையும்தான்.

"லீக்கி கட்"னு வீடியோ போடுறாங்களே, பூச்சியாலதான் குடல் ஓட்டையாகுதா? (வாசகர், சென்னை)

வீடியோல சொல்ற எல்லா நோய்க்கும் இத முடிச்சு போடாதீங்க. புழு இருக்கும்போது குடல் சுவர் கசியறது உண்மை, ஆனா அத பண்றது பல நேரம் நம்ம உடம்புதான். டிரைக்கினெல்லா புழு தொத்தின எலிகள வெச்சு 2003ல காட்டினாங்க, எலியோட மாஸ்ட் செல்னு ஒரு எதிர்ப்பு செல் விடுற ஒரு என்சைம்தான் செல்லுக்கு செல் இருக்கற தையல பிரிச்சு விடுது. அந்த என்சைம் இல்லாத எலிக்கு கசிவு அவ்வளவா வரல, ஆனா புழு வெளியேறவும் லேட்டாச்சு. தண்ணிய உள்ள விட்டு கழுவித் தள்ள சுவரே கதவ கொஞ்சம் தொறந்து விடுது. புழு போனதும் மூடிடும்.

என் தம்பிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், ஆறு வருஷமா ஸ்டீராய்டு. வெளிநாட்டுல புழு முட்டைய குடிச்சா குடல் புண் ஆறிடுதுன்னு ஒரு குரூப்ல சொல்லி, ஆன்லைன்ல விக்கறாங்கன்னு லிங்க்கும் வந்துச்சு. வாங்கலாமா மேடம்? (வாசகி, கோயம்புத்தூர்)

வாங்காதீங்கம்மா. ஆறு வருஷம் பாத்து பாத்து நொந்து போயிருப்பீங்க, எதையாவது பிடிச்சுக்கலாம்னு தோணும், எனக்கு புரியுது, அதனால ஏன் வேண்டாம்னு முழுசா சொல்றேன்.

அந்தக் கதைக்கு அடிப்படை இருக்கு. புழு இருக்கற ஊர்கள்ல இந்த மாதிரி நோய் கம்மியா இருக்கேன்னு பாத்து அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல ஜோயல் வெயின்ஸ்டாக் குழு, பன்னியோட சாட்டைப்புழு முட்டைய நோயாளிங்களுக்கு குடுத்துப் பாத்தாங்க. பன்னிப்புழு மனுஷ வயித்துல ரொம்ப நாள் தங்காதுங்கறதாலதான் அத எடுத்தாங்க. 2005ல வந்த முடிவு, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்த 54 பேர்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 2500 முட்டை குடிச்சவங்கள்ல 43 சதவீதம் பேருக்கு குறைஞ்சுது, வெறும் திரவம் குடிச்சவங்கள்ல 17 சதவீதம். எல்லாரும் துள்ளி குதிச்சாங்க. ஆனா அப்புறம் கிரோன்னு இன்னொரு குடல் அழற்சி நோய்க்கு பெரிய அளவுல சோதனை பண்ணினப்போ, 2013ல, முட்டைக்கும் டம்மிக்கும் வித்தியாசமே இல்லன்னு வந்துடுச்சு. ஆஸ்திரேலியாவுல கோதுமை ஒத்துக்காத சீலியாக் நோயாளிங்க 12 பேருக்கு 20 கொக்கிப்புழுக்குட்டிய தோல்ல விட்டு பாத்தாங்க, நல்லா தெரிஞ்சுது, அதுக்கப்புறம் நடந்த பெரிய சோதனையில அந்த அளவுக்கு வரல.

ஏன்னு நான் நினைக்கறத சொல்றேன். உசுரோட இருக்கற புழு தன் வசதிக்கு நூறு புரோட்டீன் விடும், உங்க தம்பிக்கு வேண்டியது அதுல ஒண்ணோ ரெண்டோதான். மீதி எல்லாம் சளிய வெட்டும், ரத்தத்த ஒழுக விடும். ஏற்கனவே புண்ணா இருக்கற சுவர்ல அத யாரு விடுவா? அதனாலதான் இப்ப ஆராய்ச்சி புழுவ விட்டுட்டு புரோட்டீன் பக்கம் திரும்பியிருக்கு. ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்துல அலெக்ஸ் லூக்காஸ் குழு நாய்க் கொக்கிப்புழுலேர்ந்து ஏ.ஐ.பி-1, ஏ.ஐ.பி-2ன்னு ரெண்டு புரோட்டீன பிரிச்சு, முதல்ல சொன்னது எலியோட குடல் அழற்சிய குறைக்குது, ரெண்டாவது எலிக்கு வர்ற ஆஸ்துமா மாதிரி நிலைய குறைக்குதுன்னு காட்டியிருக்காங்க. எலியில. மனுஷனுக்கு மருந்துக் கடையில வர இன்னும் தூரம் இருக்கு. லிங்க்ல விக்கறவன் பாட்டில்ல எந்தப் புழுவோட முட்டை இருக்குன்னு யாரு பாத்தா? ஸ்டீராய்டு சாப்பிடுற உடம்புல ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு ஒரு புழு போச்சுன்னா உடம்பு முழுக்க பரவி உயிருக்கே ஆபத்தாயிடும். ஆறு வருஷம் ஸ்டீராய்டுன்னு சொல்றீங்க, அதுதான் என்னை கவலைப்படுத்துது. நல்ல குடல் மருத்துவர்கிட்ட போயி, ஸ்டீராய்ட விட வேற மருந்து மாத்த முடியுமான்னு கேளுங்க, இப்ப நெறைய இருக்கு.

இனிப்பு சாப்பிட்டா பூச்சி வருமா? (வாசகி, திருநெல்வேலி)

வராது. முட்டையோ குட்டியோ வெளியிலேர்ந்து உள்ள போனாத்தான் வரும், மண்ணு, கை, கழுவாத கீரை, நகம், வெறுங்கால். இனிப்ப பல்லுக்காக கொறைங்க.

பூச்சி போனதுக்கு அப்புறம் குடல் சுவர் பழையபடி ஆயிடுமா? (வாசகர், விழுப்புரம்)

பெரும்பாலும் ஆயிடும். அல்பெண்டசோல் நம்ம செல்ல பெருசா தொடறதில்ல, புழுவோட செல்லுக்குள்ள இருக்கற டியூபுலின்ங்கற சட்டத்த கலைச்சு அத பட்டினி போடும், புழு பிடி விட்டுடும். உருண்டைப்புழுவுக்கு ஒரே மாத்திரை நல்லா கேக்கும், கொக்கிப்புழுவுக்கு பெரும்பாலும் கேக்கும். சாட்டைப்புழுதான் பிடிவாதம், அந்தச் சுரங்கத்துக்குள்ள படுத்திருக்கே, ஒரே டோஸ்ல பாதிப் பேருக்கு மேல போறதில்ல, அதனால டாக்டருங்க மூணு நாள் குடுப்பாங்க, இல்ல ஐவர்மெக்டின்னு இன்னொரு பூச்சி மருந்த சேர்ப்பாங்க. ரொம்ப அதிகமா சாட்டைப்புழு இருந்த பிள்ளைங்களுக்கு ரத்தமும் சளியுமா பேதி, ஆசனவாய் வெளிய தள்ளுறது கூட வரும், அத வீட்டு வைத்தியத்துல வெச்சுக்காதீங்க.

புழு விழுந்துட்டா பி43 மாதிரி புரோட்டீன் வர்றது நிக்கும், எஸ்கலேட்டர் பழைய வேகத்துக்கு வரும், சுரங்கம் இருந்த செல்லுங்க ஒரு வாரத்துக்குள்ள உதிர்ந்து மலத்தோட போயிடும். சுவர் அவ்வளவு சீக்கிரம். ரத்தம் அப்படி இல்ல, போன இரும்ப திரும்ப சேர்க்க மூணு நாலு மாசம் மாத்திரை சாப்பிடணும், நடுவுல ஹீமோகுளோபின் ஏறிடுச்சுன்னு நிறுத்திடாதீங்க.